சோபாவில் ஓர் இடம்

ஜெசிந்தா வரைந்திருந்த குழந்தைகள் புத்தகத்தில், தெருவில் வீசிய குப்பையெல்லாம் வீசியவர் வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். ஒற்றைச் செருப்பு நொண்டியடித்து வந்து கதவைத் தட்டும். வாழைப்பழத் தோல் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். பக்கங்களைப் புரட்டப் புரட்டப் பதிப்பாளர் நாச்சியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அதில் குப்பை மொத்தமும் கூடத்துச் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இதையெல்லாம் அள்ளிட்டுப் போக ஒரு துப்புரவு அம்மா வரணுமேம்மா? சிரிச்ச முகமா, கையில துடைப்பத்தோட. அப்படித்தானே முடிக்கணும்?"

முப்பது வருஷம் தெருக் கூட்டிய ஜெசிந்தாவின் அம்மா, வேலை நேரத்தில் ஒருநாளும் சிரித்ததில்லை.

"அவங்க இன்னைக்கு லீவு, சார்."

"விளையாடாதீங்க. அந்தம்மாவை வரையலேன்னா புத்தகம் வராது."

"வராட்டிப் போகுது."

"அப்ப இதை யாருதான் எடுக்கறது?"

ஜெசிந்தா பென்சிலைப் பைக்குள் போட்டாள். படத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தாள். நாச்சியப்பன் குனிந்து பார்த்தார். சோபாவில் ஒற்றைச் செருப்பு கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டிருந்தது.