மேலே போய்க் கேட்க வேண்டியவை

அலமாரியின் அடித்தட்டில், ஒடிந்த குடைக்கும் பழைய மின்கட்டண ரசீதுகளுக்கும் நடுவே, அப்பாவின் பைபிள் கிடைத்தது.

பக்கத்து அறையில் அம்மா திரைச்சீலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வண்டி வரும். அப்புறம் அம்மா மகள் வீட்டில்தான்.

ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாலும், மகளுக்கு உள்ளூர உதறல். இருவரும் ஒரே வீட்டில் இருந்து இருபத்தைந்து வருஷமாகிறது.

அம்மாவுக்கு வீட்டில் 'அலாரம்' என்று பட்டப்பெயர். ஆறு மணிக்கு மேல் ஒருத்தரையும் தூங்க விடமாட்டாள். உலுக்கி, கண்ணைத் திறக்க வைத்து, "ம்" என்று சொன்ன பிறகுதான் நகர்வாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகும் விட்டபாடில்லை. காலை ஆறுக்கு போன் வரும். "முழிச்சிட்டியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.

பைபிளை மகள் பின்பக்கமாகத்தான் திறந்தாள். கடைசி வெற்றுத்தாள் முழுக்க அப்பாவின் பென்சில் எழுத்து. மேலே தலைப்பு: மேலே போய்க் கேட்க வேண்டியவை.

அப்பா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். ஊர் விழிக்கும் முன்பே கிளம்பி, மத்தியானம் மாவு வாசனையோடு திரும்புவார். ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பார். சாப்பாடானதும் ஓர் அதிகாரம் வாசிப்பார். அவளும் தம்பியும் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். தெரிந்தால் பதில் சொல்வார். தெரியாவிட்டால் மழுப்ப மாட்டார், பென்சிலை நாக்கில் தொட்டு அந்தத் தாளில் எழுதிக்கொள்வார்.

"நான்தானே முதல்ல மேல போவேன். கேட்டு வைக்கிறேன்."

அம்மா இந்த ஆட்டத்துக்கே வரமாட்டாள். துணிக்கடைக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. "எனக்குக் காலருக்கே நேரமில்லை, இதுல காயீன் வேறயா" என்பாள்.

ஆதியாகமத்தில் நாலாம் அதிகாரத்தைத் தாண்டவே அவர்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

பாம்புக்கு முதலில் எத்தனை கால்? ஆதாமுக்குத் தொப்புள் உண்டா? காயீனின் மனைவி யாருடைய மகள்? ஊரில் ஆளே இல்லாதபோது அவன் யாருக்குப் பயந்தான்? அப்பா தன் பங்குக்கும் ஒன்று சேர்த்திருந்தார்: உலகத்தின் முதல் ரொட்டியைச் சுட்டது யார்?

அவள் சிரித்துவிட்டாள். எவ்வளவு நல்ல மத்தியானங்கள் அவை. தம்பி தரையில் குப்புறப் படுத்துக் காலாட்டிக்கொண்டே யோசிப்பான். எட்டு வயது. கேள்வி தயாரானால் கால் நின்றுவிடும்.

பதினேழாவது அவனுடையது.

அண்ணன் காயீன் அடித்துக் கொன்று, ஆபேல் வயலில் கிடக்கிறான். அதுவரை உலகத்தில் யாருமே செத்ததில்லை. சாவு என்றால் என்னவென்றே ஏவாளுக்குத் தெரியாது. மகன் தூங்குகிறான் என்று நினைத்து எவ்வளவு நேரம் எழுப்பியிருப்பாள்?

அப்பா அன்றைக்குப் பென்சிலைக் கீழே வைத்து அவனை ஒருதரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

பதினெட்டாவது இல்லை. அந்த வாரமே தம்பிக்குக் காய்ச்சல் வந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "சத்தம் போடாத, அவன் தூங்கட்டும்" என்றாள் அம்மா. அப்போது அவள் இன்னும் 'அலாரம்' ஆகியிருக்கவில்லை. சாயங்காலம் திரும்பியபோது வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே உட்கார இடமில்லாமல் அன்றைக்குத் தைக்க வேண்டிய காலர் கட்டின் மேல் அவளை உட்காரவைத்தார்கள். கடையில் போட்ட முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே அவள் காலில் உறுத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

விடியும் முன்பே உயிர் போய்விட்டது என்றாராம் டாக்டர். ஆனால் அவரைக் கூட்டி வந்ததே பன்னிரண்டரைக்கு, அப்பா வேலை முடிந்து வந்து தொட்டுப் பார்த்த பிறகு.

அந்த ஐந்தரை மணி நேரத்தைத்தான் அவள் இத்தனை வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதுவரை அம்மா என்னதான் செய்துகொண்டிருந்தாள்? மிஷினை மிதித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்கவில்லையா?

கேட்டதில்லை. அம்மாவும் அவனைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒரே வாரத்தில் அவன் சட்டை, பை, செருப்பு எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு முடிவு செய்ததுதான். அந்தக் கல்நெஞ்சுக்காரிக்குத்தான் இப்போது தன் வீட்டில் ஓர் அறையைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறாள்.

அப்பாவும் அதன் பிறகு இந்தத் தாளை யாருக்கும் திறந்து காட்டவில்லை. இப்போது அவர் மேலே போயே நாலு மாதமாகிறது. கேள்விகள் இங்கேயே தங்கிவிட்டன.

தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். பதினேழு கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்குப் பக்கத்தில் பதில் எழுதியிருந்தது.

அப்பாவின் எழுத்தில்லை. துணியில் அளவு குறிக்கிற நீலப் பென்சில். சாய்ந்த, அவசரக் கையெழுத்து.

'மத்தியானம் வரைக்கும்.'

பதினேழாவது கேள்வியை விரலால் தொட்டு மறுபடி வாசித்தாள்: எவ்வளவு நேரம் எழுப்பியிருப்பாள்?

"என்னடி, சத்தத்தையே காணோம்?" பக்கத்து அறையில் மடிப்புச் சத்தம் நின்றது. "தூங்கிட்டியா?"

பதிலுக்குக்கூடக் காத்திராமல் அம்மா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வேகவேகமாக வருவது கேட்டது.

"முழிச்சுத்தான் இருக்கேம்மா" என்றாள். "நாளைக்கு ஞாயிறுதான். ஆனாலும் என்னை ஆறு மணிக்கு எழுப்பி விடும்மா."