ஓர் ஆள் குறையக் கூடாது

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அப்பாவுக்கு நாலு நாளாக் காய்ச்சல். அதுலயும் நோன்பை விடல. அவரை வெயில்ல நிறுத்தி டோக்கியோ பக்கம் குனியச் சொல்றியே?"

வாசலை மறித்து நின்றாள் அர்சினா.

சஸ்மித்தா என்ற அந்த மனிதர் நகரவில்லை. ஜகார்த்தாவுக்கு மேற்கே, ரங்காஸ்பித்துங் ஊரின் ஓரத்தில் இருந்த அந்த இருபது வீடுகளுக்கும் ஜப்பான்காரர்கள் வைத்த தலைவர் அவர். மூன்று வருஷமாகத் தினமும் காலையில் ஜனங்களைத் திடலில் நிறுத்தி, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசையை வணங்க வைப்பது அவர் வேலை.

"இன்னைக்கு ஓர் ஆள் குறையக் கூடாது. பெரியவரும் வரணும்."

"இத்தனை நாள் உடம்பு சரியில்லைன்னு எழுதி விட்டுட்டுதானே இருந்த?"

"இன்னைக்கு விட முடியாது."

"எஜமான் அதட்டினானாக்கும்." அவள் குரல் உடைந்தது. "ரயில் பாதை வேலைக்கு என் புருஷன் பேரை எழுதிக் கொடுத்தது நீதானே? போனவர் திரும்பவே இல்ல. இப்ப அப்பாவையும் கொன்னுடு."

சஸ்மித்தா தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பாவம் என் தலையிலயே இருக்கட்டும் அர்சினா. இன்னைக்கு மட்டும் வா."

உள்ளேயிருந்து பெரியவர் மர்ஜுக்கியின் குரல் வந்தது. "நான் வரேன். ஆனா குனிய மாட்டேன். அல்லாவைத் தவிர யாருக்கும் இந்தத் தலை குனியாது."

முதல் வருஷம் இதைச் சொல்லித்தான் சிப்பாயிடம் இரண்டு அறை வாங்கினார்.

"அது உங்க இஷ்டம். வந்து நின்னாப் போதும்" என்ற சஸ்மித்தா, அவரை முதுகில் தூக்கிக்கொண்டார்.

வழியில் ஒருவன் காதுபடவே சொன்னான். "நோயாளியைக்கூட விடாம சுமந்துட்டுப் போறான் பாரு. இன்னைக்கு ஜப்பான்காரன்கிட்ட ரெண்டு படி அரிசி அதிகமாக் கிடைக்கும்."

திடலில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றிருந்தான். அவனுக்கு மலாய் கொஞ்சம் புரியும். இந்த ஜனங்கள் பேசும் சுந்தா மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதனால் அன்றன்றைய உத்தரவைச் சுந்தாவில் படித்துக் காட்டுவது சஸ்மித்தாதான்.

அவர் காகிதத்தை விரித்தார். நெல் அளக்கச் சொல்லும் அதே வறண்ட குரலில் ஆரம்பித்தார்.

"எப்பவும் போல சலிப்பா மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேளுங்க. யாரும் கத்தக் கூடாது. ரயில் நிலையத் தந்திக்காரர் மூலமா சேதி வந்திருக்கு. ஜப்பான் போர்ல தோத்துடுச்சு. நேத்து வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் பதினேழு, காலை பத்து மணிக்கு ஜகார்த்தாவுல நம்ம தலைவர்கள் விடுதலையை அறிவிச்சுட்டாங்க. நாம இனி டச்சுக்காரனுக்கும் அடிமை இல்ல, இவனுக்கும் அடிமை இல்ல."

ஒரு குழந்தைகூட அழவில்லை.

"சேதி வெளியே போகக் கூடாதுன்னு இவங்க உத்தரவு. வீடு வீடா வந்து சொல்லியிருந்தா மாட்டியிருப்பேன். நாம மொத்தமாக் கூட இவன் விடுற இடம் இது ஒண்ணுதான். அதான் ஒருத்தரையும் விடாமக் கூட்டிட்டு வந்தேன். இப்ப அழுகை வர்றவங்களும் சிரிப்பு வர்றவங்களும் நல்லாக் குனிஞ்சுக்குங்க. முகம் தெரியாது."

பிறகு ஜப்பானிய மொழியில் உரக்க ஆணையிட்டார்.

திடல் மொத்தமும் இடுப்பு வரை வளைந்தது. தோள்கள் குலுங்கின. நிமிரச் சொல்லியும் யாரும் நிமிரவில்லை. அர்சினா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு தன் புருஷன் பேரை முணுமுணுத்தாள்.

மர்ஜுக்கி மட்டும் டோக்கியோவுக்கு முதுகைக் காட்டி, மக்கா இருக்கும் மேற்கே திரும்பினார். மெல்ல மண்டியிட்டார். நன்றியோடு நெற்றியை மண்ணில் பதித்தார்.

சிப்பாய் விறுவிறுவென்று வந்தான். "அந்தக் கிழவன் ஏன் அந்தப் பக்கம்?" என்றான் கொச்சை மலாயில்.

சஸ்மித்தா காகிதத்தை அவசரமாக மடித்தார்.

அர்சினா முன்னே வந்தாள். "காய்ச்சல் ஐயா, திசை தெரியல. நடக்கவே முடியாதவரை எங்க தலைவர்தான் முதுகுல சுமந்து கூட்டிட்டு வந்தாரு."

எங்க தலைவர். சஸ்மித்தா அவளைப் பார்த்தார்.

சிப்பாய், மண்ணில் கிடந்த அந்த வெள்ளைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் முகத்தில் திருப்தி.

"திசை பரவாயில்லை. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் கிழவன் ஒழுங்கா வணங்குறான்."