வாய்க்காலுக்கு அந்தக் கரை

"ஆஸ்பத்திரிக்கு ஒதுக்குன எடத்த நான் முழுங்கிடவா போறேன் மேடம்? கொஞ்சம் பின்னாடி தள்ளித் தர்றேன், அவ்வளவுதான். அதுவும் ரெண்டு மடங்கா தர்றேன்."

சிங்காரவேலனின் குரலில் தேன் ஒழுகியது. திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே அவர் போட்ட புது நகரில் வீடு வாங்கியவர்கள் சுற்றி நின்றார்கள். ஆய்வுக்கு அதிகாரி வரப்போகிறார் என்று ஒரு வாரமாகவே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால், "சுகாதாரத் துறையிலேருந்து வர்றேன், பேரு வெண்மதி" என்று வந்து நின்ற அம்மாவை அதற்கு மேல் வாயே திறக்க விடவில்லை.

கமர் நிஷாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். நகரின் வாசலிலேயே ஆஸ்பத்திரி வருகிறது என்று இந்த மனிதர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியதை நம்பித்தான் அவள் இங்கே வீடு வாங்கினாள். அவளுடைய வாப்பாவுக்கு இரண்டு தடவை நெஞ்சுவலி வந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் டவுன் வரை தாங்குவாரா என்று நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

"பின்னாடின்னா எங்க?" என்றார் வெண்மதி.

"அதோ, வாய்க்காலத் தாண்டி. அதுவும் என் எடந்தான். பாலம்கூட போட்டிருக்கேன். ரோட்டோரம் இருந்தா நோயாளிக்கு ஒரே தூசி."

ரோட்டோரத்தில் கடை கட்டி விற்கத்தான் இந்தக் கரிசனம் என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும். அதைவிட மோசம், புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் அந்த வாய்க்காலோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கரை தமிழ்நாடு. புதுச்சேரி அரசு அங்கே ஆஸ்பத்திரி கட்ட முடியாது. நிலம் கருவை மண்டிக் கிடக்கும், கடைசியில் அவரிடமே திரும்பிவிடும். இந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

"மேடம், அந்த வாய்க்கா இருக்குல்ல..." என்று கமர் நிஷா முன்னால் வந்தாள்.

"இந்தாம்மா, பேசிக்கிட்டிருக்கோம்ல, குறுக்க வராத" என்று எரிந்து விழுந்தார் சிங்காரவேலன்.

"ஒரு நிமிஷம் கேளுங்க மேடம். எங்க வாப்பா உசுரு இதுலதான் இருக்கு."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்றார் வெண்மதி. பிறகு சிங்காரவேலன் பக்கம் திரும்பினார். "எழுதித் தருவீங்களா?"

"இப்பவே."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நிலத்தைச் சுகாதாரத் துறைக்குத் தானமாகத் தருவதாக எழுதி, கார் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேரைச் சாட்சிக்கும் போட வைத்தார் வெண்மதி.

கமர் நிஷாவுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த அம்மா விலை போய்விட்டாள் என்று மனசுக்குள் திட்டினாள். காகிதம் வெண்மதியின் பைக்குள் போனபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கரை தமிழ்நாடு மேடம். புதுச்சேரி கவர்மெண்டு அங்க எப்படிக் கட்டும்?"

சிங்காரவேலன் அவசரமாகப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"கட்ட முடியாதுதாம்மா" என்று பையை மூடினார் வெண்மதி. "புதுச்சேரி ஆளு நாளைக்குத்தான் வர்றாராம், ரோட்டோர எடத்தப் பத்தி சார் அவர்கிட்ட பேசிக்கட்டும். நான் நாகப்பட்டினத்துலேருந்து வர்றேன், எங்க ஆஸ்பத்திரிக்கு எடம் கேட்டு."