பச்சை நூல் கட்டியவர்கள்

காமாட்சி சன்னிதியில் கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் என் கைச்சரக்கு இல்லை. கருட சேவைக்கு நாங்கள் வந்த வேன் முசரவாக்கம் அருகே கவிழ்ந்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நிரம்பிக் கிடக்கிறது. நர்ஸ் கனகவல்லி நெசவாளர் வீட்டுப் பெண். அடையாள அட்டை தீர்ந்துபோனதால் ஒவ்வொரு மணிக்கட்டிலும் பட்டு நூல் கட்டிக்கொண்டே வருகிறாள். உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, காத்திருக்கக் கூடியவருக்குப் பச்சை. "நான் கத்திக்கினு கெடக்கிறேன், எனக்குப் பச்சையாமா?" என்கிறார் கால் முறிந்தவர். "கத்துறியே, அப்ப மூச்சு நல்லா இருக்குதுபா. கம்முனு கெடக்கிறவங்களைத்தான் மொதல்ல பாக்கணும்." என் மச்சான் ஏழுமலைக்கும் பச்சைதான், உடம்பில் ஒரு கீறல் இல்லை. "காப்பு கட்டிட்டே, தீ எப்ப மிதிக்கணும்?" என்று அவளைக் கேலி செய்தவன், இப்போது சுவரில் சாய்ந்து பேசாமல் இருக்கிறான். ஜன்னல் வெயில் அவன் மடியில் விழுகிறது. தூரத்தில் நாதஸ்வரம் சட்டென்று நிற்கிறது. அவன் மணிக்கட்டு நூல், யார் கையும் படாமல், முடிச்சிலிருந்து மெல்லச் சிவந்துகொண்டே வருகிறது. தொட்டுப் பார்க்கிறேன், விரலில் ஈரம் இல்லை. "அம்மா, நூலு செவக்குது!" என்று கத்துகிறேன். கனகவல்லி ஓடிவந்து அவன் நகத்தை அழுத்தி விடுகிறாள். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருக்கிறது. "வயித்துக்குள்ள ரத்தம் கசியுது, ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க! நேரத்துக்குப் பாத்தீங்க பெரியவரே, பொழைச்சுக்குவாரு." கதவு அவனை விழுங்கிக்கொள்கிறது. பச்சை கட்டிய நாங்கள் அத்தனை பேரும் அவரவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறவியிலிருந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம்தான். அதனால்தான் எங்கள் நெசவு வீட்டில் என்னைத் தறிப்பக்கம் விட்டதே இல்லை.