புனேவுக்குப் போகிற பிரிவு

லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடிகளையும் ஓடியே இறங்கினாள் கயல்விழி. விமான இறக்கை வடிவமைப்புப் பிரிவில் எட்டு வருடமாக அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த தேவசகாயம், பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ராஜினாமாவை வாபஸ் வாங்குங்க தேவா. நம்ம வேலையெல்லாம் புனேவுக்குப் போகுதுங்கறது வெறும் வதந்தி."

"கம்பெனியே மறுத்து சர்க்குலர் விட்டுடுச்சே கயல். நம்ம ஆபீஸ்ல மறுத்தாலே நிச்சயம்னுதான் அர்த்தம்." சிரித்தான். "அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். அவரை விட்டுட்டு நான் எங்க போக? வீட்டுப் பக்கத்துலயே ஒரு பாலிடெக்னிக்ல வாத்தியாரா சேர்ந்துட்டேன்."

பைக் கேட்டைத் தாண்டியது. கயல்விழி அங்கேயே நின்றாள். 'நீயும் என்கூட புனேவுக்கு வர்றியா' என்று அவன் ஒரு தடவையாவது கேட்க மாட்டானா என்றுதான், போன மாதம் கேன்டீனில் அந்த வதந்தியை அவளே கிளப்பியிருந்தாள்.