நான்கு மணி நேரம்

"அந்தாள்ரை பைக்குள்ளை துவக்கு இருக்கு. என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்," என்றார் தவநாயகி.

ஆஸ்பத்திரியின் செக்யூரிட்டி மேசையில் இருந்த கனகலிங்கம் பேனையைக் கீழே வைத்தான்.

"ஆற்றை பைக்குள்ளை, அக்கா?"

"ஞானரட்ணத்தாற்றை. கண்ணாடி எடுக்கப் பையைத் திறந்தவர். எங்கடை இவருக்குப் பக்கத்து மெசின். நாலு மணித்தியாலம் பக்கத்திலை படுத்திருக்கப்போறார், துவக்கோடை!"

"விளையாட்டுத் துவக்காயிருக்கும்."

"அம்பத்தெட்டு வயது மனிசன் விளையாட்டுத் துவக்கோடையோ டயாலிசிசுக்கு வாறது? தமிழ்ப் பள்ளிக்கூடத் தேர்தலிலை எங்கடை இவரிட்டைத் தோத்தவர், தெரியுமோ? ரெண்டு வருசமாக் கதை பேச்சில்லை. போன வருசம் அவையின்ரை பெடியன் காரிலை அடிபட்டுச் செத்தது. செத்தவீட்டுக்கும் நாங்கள் போகயில்லை. அந்தக் கோவந்தான். பொலிசுக்குப் போன் அடியும், தம்பி."

கனகலிங்கம் உள்ளே போனான்.

ஞானரட்ணத்தின் இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. இரத்தம் குழாய் வழியே மெசினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. பையின் வாரைத் தன் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார்.

"ஐயா, பைக்குள்ளை என்ன?"

அவர் மறைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பொலிஸ் கொடுத்த லைசென்ஸ். ஒரு சிறிய பிஸ்டல். சுடும் கிளப்பில் இலக்குப் பார்த்துச் சுடுவதற்கு மட்டும்.

"இண்டைக்குக் கிளப்போ?"

"இல்லை. ஞாயிறிலைதான்."

"பேந்தேன் இஞ்சை கொண்டு வந்தனீங்கள்?"

"வீட்டிலை வைக்க ஏலாமல் போச்சு. இது முடிய நேரே பொலிசிலை குடுத்திடுவன். காலமை ஆஸ்பத்திரி வான் வாசலிலை வந்து நிண்டிட்டுது, வேறை ஒண்டும் யோசிக்க நேரமில்லை."

"ஏன் வீட்டிலை வைக்க ஏலாது?"

"ஏலாது, தம்பி."

கனகலிங்கம் குரலைத் தாழ்த்தினான். "ஐயா, நீங்கள் எந்த இயக்கம்?"

"நான் கவுன்சிலிலை வரைபடம் கீறுறவன்."

"அப்ப வீட்டிலையிருந்து ஆரையும் வரச் சொல்லுவம். வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஆர் இருக்கினம்?"

"மனிசி." சொன்னவர் திடீரென்று தலையை உயர்த்தினார். "அவவுக்கு மட்டும் போன் அடிக்க வேண்டாம். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

கை அசைந்ததில் மெசின் கீச்சிட்டது. நேர்ஸ் ஓடி வந்து கனகலிங்கத்தை வெளியே அனுப்பினாள்.

மேசைக்குத் திரும்பியவன் முதலில் தன் மேலதிகாரிக்குப் போன் எடுத்தான். லைசென்ஸ் இருந்தால் குற்றமில்லை என்றார் அந்த வெள்ளைக்காரர். கிளப்புக்கு மட்டும் என்று எழுதியிருப்பதைச் சொன்னதும், அப்படியானால் குற்றமாகத்தான் இருக்கும் என்றார். ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கிறதா? அவருக்குத் தெரியவில்லை. பையை வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்கட்டுமா என்று கேட்டான் கனகலிங்கம். தொடவே தொடாதே, உன்னிடம் லைசென்ஸ் இல்லை, தொட்டால் குற்றவாளி நீதான் என்று சொல்லிவிட்டு, பொலிசைக் கூப்பிடுவது அவனுடைய விருப்பம் என்று போனை வைத்துவிட்டார்.

கனகலிங்கத்தின் அகதி வழக்கு மூன்று வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. துவக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயரும் எழுதப்படுவதை அவன் விரும்பவில்லை. பொலிஸ் வந்தால் துவக்குகளோடுதான் வரும். உள்ளே ஆறு பேர் ஊசியோடு கிடக்கிறார்கள்.

"என்னவாம்?" என்றார் தவநாயகி.

"ஒண்டும் விளங்கயில்லை. மனிசிக்கு அடிக்க வேண்டாமெண்டு கெஞ்சுறார்."

"பாத்தீரே! மனிசி அருள்நாயகிக்குத் தெரியாமல் செய்யிற வேலை. முதல் அவவுக்கு அடியும். அவ வந்து நாலு பேருக்கு முன்னாலை கேக்கட்டும். நம்பர் எனக்குப் பாடம்."

ஒரு இலக்கத்துக்கும் தயங்காமல் சொன்னார்.

மணி ஒரு தடவைதான் அடித்தது.

"அக்கா, ஆஸ்பத்திரியிலையிருந்து கதைக்கிறன். பயப்பிடாதேங்கோ, ஐயா சுகமா இருக்கிறார். அவற்றை பைக்குள்ளை ஒரு பிஸ்டல் கிடக்கு. அதுதான்..."

"அங்கையோ இருக்கு?" குரல் களைத்திருந்தது. "நான் வீடு முழுக்கத் தேடிட்டன்."

தவநாயகி மேசைக்கு மேலால் குனிந்து றிசீவரோடு காதை வைத்தார்.

"நீங்கள் ஏன் அக்கா தேடினீங்கள்?"



"மகன் போய் இண்டைக்கு ஒரு வருசம், தம்பி. அவனிட்டைப் போகலாமெண்டு பாத்தனான்."

கனகலிங்கம் எழுந்து நின்றுவிட்டான்.

"இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. ஊசி ஏத்திக் கிடக்கிற மனிசன். சரி, வைக்கிறன்."

"வையாதேங்கோ! அக்கா, வையாதேங்கோ. எனக்கு ஒண்டு சொல்லுங்கோ... மகனுக்கு என்ன பேர்? என்ன படிச்சவர்?"

அருள்நாயகி பெயரைச் சொன்னார். பிறகு மெல்ல, அவன் படித்த பள்ளிக்கூடத்தைச் சொல்லத் தொடங்கினார். "ஓம் அக்கா... ஓம், சொல்லுங்கோ," என்று கனகலிங்கம் றிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

தவநாயகி கதிரையில் கிடந்த கோட்டை எடுத்து, ஒரு கையை மட்டும் அதற்குள் நுழைத்தபடி, மற்றக் கையால் கைப்பைக்குள் கார்த் திறப்பைத் துழாவிக்கொண்டு வாசல் கதவைத் தோளால் தள்ளினார்.