பீரோவுக்குப் பின்னால்

"இந்த வீட்டுக்கு இந்த விலையா? பாதி கூடத் தேறாதும்மா."

ஒற்றை வீட்டில் தொழிலை ஆரம்பித்து, நாற்பது வீடுகளை வாங்கி விற்றவர் அவர். வந்ததும் வராததுமாகக் குறை சொல்ல ஆரம்பித்தார். வீட்டை விற்கக் கூப்பிட்டிருந்த பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் தம்பி செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அப்படி என்ன குறையைக் கண்டீங்க? நல்ல வீடுன்னு சொல்லித்தானே எங்களுக்கு வித்தாங்க?"

"அந்த பீரோவை நகர்த்துங்க, காட்டறேன்."

நகர்த்தினார்கள். அவர் சாவியால் சுவரைச் சுரண்டினார். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"உள்ளே முழுக்க ஈரம். வெயில் காலமாப் பார்த்து பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சு, பீரோவால மறைச்சு உங்க தலையில கட்டியிருக்கான்."

"தெரியாம நடந்திருக்கலாமே?"

"சான்ஸே இல்ல! தெரிஞ்சே செஞ்ச திருட்டு வேலை. நாப்பது வீடு பார்த்தவன் சொல்றேன். அந்த ஆளைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கணும்."

"போதும்க்கா. முழுசாப் பதிவாயிடுச்சு" என்றான் தம்பி.

"எதுக்குய்யா பதிவு பண்றே?" என்று அவர் எகிறினார்.

"தெரிஞ்சே ஏமாத்தினதுக்கு ஆதாரம் வேணும்னு எங்க வக்கீல் கேட்டாரு."

அவள் பழைய பத்திரத்தை அவர் முன்னால் வீசினாள். விற்றவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க வித்த வீடுதான். நாப்பதுல ஒண்ணு, உங்களுக்கு மறந்திருக்கும். எங்களுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்."